இடைமுகம்

இடைமுகம் (பெயர்ச்சொல்): இரண்டு அமைப்புகள் சந்தித்துத் தரவைக் கைமாற்றும் இடம். இடை + முகம். முகத்துக்கு வாயில் என்ற பொருளும் உண்டு. கழிமுகம், துறைமுகம் அவ்வாறு அமைந்தவை. இதற்கு இணையான ஆங்கிலச் சொல் 'இன்டர்ஃபேஸ்' 19ஆம் நூற்றாண்டில் இரு பொருள்களுக்கு இடைப்பட்ட பரப்பைக் குறித்தது. கணினித் துறைக்கு அது பின்னர்தான் வந்தது.

லினக்ஸ் கருவியில் ஒவ்வொரு பிணைய இடைமுகத்துக்கும் பெயருண்டு: மரபாக ஈதர்நெட்டுக்கு 'ஈத்0', வைஃபைக்கு 'டபிள்யூலேன்0', கருவி தன்னோடு தானே பேச 'லோ'. வெளியே பேச வேண்டிய இடைமுகத்துக்கு ஐபி முகவரியும் நுழைவாயிலும் தந்து இயக்கிவிட வேண்டும். இன்று பெங்களூரின் ஜீவனஹள்ளி வீடுகளின் ரவுட்டர்கள் பலவற்றில் இயங்குவதும் லினக்ஸ்தான். ரவுட்டருக்கு ஓர் இடைமுகம் தெருவை நோக்கி, மற்றொன்று வீட்டை நோக்கி. தமிழ்ச்சொல் இதற்கு முழுமையாகப் பொருந்துகிறது, தயங்காமல் பயன்படுத்துவோம்.