நன்றியே முதற்படி

இரவு செபத்திற்கு முழந்தாளிடும் வேளையில் நம் உள்ளத்தில் முதலில் எழுவது எது? பெரும்பாலும் அன்று நாம் செய்த தவறுகளே. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் அவ்வாறே பழகினோம். குருமட மாணவராயிருந்த நாள்களிலும், நண்பகல் மணி ஒலித்ததும் கோவிலில் அமைதியாக அமர்ந்து, சிறு ஏட்டில் கோடுகள் வரைந்து, அன்றைய குறைகளைப் புள்ளிகளாக இட்டுவந்தோம். புள்ளிகள் குறைந்த நாளில் உள்ளூரப் பெருமிதம்; மிகுந்த நாளில் சோர்வு. ஆன்ம சோதனை என்பது இவ்வளவே எனப் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். இச்செபமுறையை நமக்கு வகுத்தளித்த புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றைப் பின்னாளில் பொறுமையுடன் படித்தபோதுதான், அதன் முதற்படியில் கால் வைக்காமலே ஏற முயன்றிருக்கிறோம் என்பது புலனாயிற்று. அந்த முதற்படி நன்றி.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள லொயோலாவில் 1491 ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்தவர் இஞ்ஞாசியார். வாளும் வீரப்புகழுமே அவருடைய இளமைக் கனவுகள். 1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவரது வலக்காலை முறித்தது. பிறந்த வீட்டிற்குத் தூக்கிவரப்பட்டு, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லை. சாக்சனி நாட்டு லுதோல்ஃபு எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும், புனிதர்களின் வரலாறுகளைக் கூறும் 'ஃப்ளோஸ் சாங்தோரும்' என்னும் நூலுமே கிடைத்தன. அவற்றைப் படிக்கப் படிக்க அவர் உள்ளம் மாறியது. விண்ணையும் விண்மீன்களையும் நெடுநேரம் நோக்கியிருப்பதே அந்நாளில் அவருக்குப் பேராறுதலாக இருந்தது.

1522 மார்ச்சில் அவர் மொன்செராத் மலையிலுள்ள அன்னையின் திருத்தலத்தை அடைந்தார். தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்து, மூன்று நாள்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம் வாளை அன்னையின் பீடத்தருகே விட்டுவிட்டு, மன்ரேசா என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே சில நாள்கள் மட்டும் தங்க எண்ணியவர் ஏறத்தாழ ஓர் ஆண்டு தங்கினார்.

மன்ரேசாவில் முதலில் அமைதி கிட்டியது. பின்னர் பெரும் இருள் சூழ்ந்தது. மூன்று நாள்கள் முயன்று அறிக்கையிட்ட பாவங்களே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன. ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் விட்டோமோ என்ற ஐயம் அவரை வாட்டியது. மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்தார், ஐயம் தீரவில்லை. நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார், அப்போதும் தீரவில்லை. ஒரு வாரம் உணவின்றி இருந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைகூட அவரை நெருங்கியது. இவற்றையெல்லாம் அவரே முதுமையில் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். உடனிருந்த சபைத் தோழர் ஒருவர் அதைக் கேட்டு எழுதிவைத்தார்.

நம் சிந்தனைக்குரிய இடம் இதுவே. செபமும் நோன்பும் ஒறுத்தலும் குறைவின்றி இருந்தும் அவ்வுள்ளத்தில் அமைதி இல்லை. ஏன்? அவர் பார்வை முழுவதும் தம் மீதே பதிந்திருந்தது. தம் குற்றத்தின் கணக்கைத் தாமே தீர்த்துவிட முயன்றார். பழைய பாவங்களை மறுபடி கிளறுவதில்லை என்று ஒருநாள் அவர் தெளிந்து முடிவெடுத்தபோது, விடுதலை கிட்டியது. அவ்விடுதலையைத் தம் முயற்சியின் பயனாக அவர் கூறவில்லை. இறைவனின் இரக்கம் தம்மை விடுவித்தது என்றே கூறினார். சிறுவனுக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியரைப்போல இறைவன் அந்நாளில் தம்மை நடத்தினார் என்பதும் அவர் சாட்சியம். பின்னர் கார்தொனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்த வேளையில் பெற்ற ஞான ஒளியில் யாவும் அவருக்குப் புதியனவாகத் தோன்றின.

இந்த அனுபவத்தில் வேரூன்றி, ஆண்டுகள் பலவாக வளர்ந்ததே 'ஆன்மப் பயிற்சிகள்' என்னும் நூல். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548 இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அந்நூல் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகளைக் கூறுகிறது. முதலில், பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துதல். அடுத்து, பாவங்களை அறிய அருள் வேண்டுதல். மூன்றாவதாக, நாளின் நிகழ்ச்சிகளை நேர வாரியாக நினைவுகூர்ந்து சோதித்தல். நான்காவதாக, மன்னிப்புக் கேட்டல். இறுதியாக, அருளின் துணையோடு திருந்த உறுதிகொள்ளுதல். பாவக் கணக்கால் நிலைகுலைந்த ஒருவரே, கணக்குப் பார்க்கும் முன் நன்றி கூறுமாறு பணிக்கிறார். மன்ரேசாவின் துன்பம் அறிந்தவர்க்கு இவ்வரிசை தற்செயலானதாகத் தோன்றாது. அன்பு செய்யப்பட்டவன் என்று உணர்ந்தவனே தன் பாவத்தை அச்சமின்றி நோக்க வல்லவன்.

தொடக்கத்தில் நிற்கும் நன்றியே அந்நூலின் நிறைவுத் தியானத்திலும் நிற்கிறது. படைப்பு, மீட்பு, தனக்கெனப் பெற்ற கொடைகள் ஆகியவற்றை மிகுந்த அன்போடு நினைவுகூருமாறு அது கேட்கிறது. கதிரவனிலிருந்து கதிர்களும் ஊற்றிலிருந்து நீரும் வருவதுபோல, நலன்கள் யாவும் மேலிருந்து இறங்கி வருவதைக் காணச் செய்கிறது. 1542 மார்ச்சில் சீமோன் ரொட்ரீகசுக்கு எழுதிய மடலில், நன்றிகேட்டையே எல்லாத் தீமைகளுக்கும் பாவங்களுக்கும் தொடக்கமாக இஞ்ஞாசியார் குறிப்பிட்டார்.

அதே 1542 ஆம் ஆண்டு, அவருடைய தோழர் புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். 1534 இல் பாரீசில் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் ஆன்மப் பயிற்சிகளைச் செய்தவர் அவர். மொழி தெரியாத மண்ணில், வெயிலிலும் மணலிலும் ஊர் ஊராக நடந்தவர், 1544 சனவரியில் எழுதிய மடலில் தம் களைப்பையும் கூறினார். இவ்வுலகில் இத்தனை ஆறுதல் வேண்டாம் ஆண்டவரே என்று மன்றாடும் அளவுக்குப் பொங்கும் மகிழ்ச்சியையும் கூறினார். அவருக்குப் பின் அக்கரையில் உழைத்த அன்றீக்கே அடிகளார் 1586 இல் தமிழில் அச்சிட்ட அடியார் வரலாற்றுக்கு வைத்த பெயரும் 'ஃப்ளோஸ் சாங்தோரும்' என்பதே. லொயோலாவில் ஒரு நோயாளியின் படுக்கையருகே இருந்தது போன்ற நூல், அறுபத்தைந்து ஆண்டுகளில் நம் தாய்மொழியில் நம் முன்னோரின் கைகளை வந்தடைந்தது. இதுவும் நாம் நன்றியோடு எண்ணத்தக்க கொடையே.

ஆயினும், துன்பத்தில் இருப்பவரிடம் நன்றியைப் பற்றிப் பேசலாமா? கணவரை இழந்து ஒரு மாதமே ஆகியிருந்த தாய் ஒருவர், "நன்றி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, சாமி?" என்று நம்மிடம் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. மறையுரையில் எளிதாகச் சொன்ன சொற்கள் யாவும் அவ்வேளையில் பயனற்றுப்போயின. பேசாமல் அவருடன் செபத்தில் அமர்ந்திருந்தோம். நெடுநேரத்திற்குப் பின், அடக்கத்தன்று அடுப்பெரியாத தம் வீட்டிற்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாரைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். அவர் துயரம் தீரவில்லை, கண்ணீர் நிற்கவுமில்லை. ஆனால் அந்த இருளிலும் தம்மைத் தாங்கிய ஒரு கையை அவர் கண்டுகொண்டார். இழப்புக்கு நன்றி கூறுமாறு இறைவன் அவரைக் கேட்கவில்லை. இழப்பிலும் அவரைக் கைவிடவில்லை. இதை அவர் நமக்குக் கற்பித்தார். அமைதி தந்த இடத்தில்தான் அந்நினைவு எழுந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எனவே, இன்றிரவு கால் மணி நேரம் ஒதுக்குவோம். விளக்கைத் தணித்து, அமைதியாக அமர்வோம். குறைகளைத் தேடும் முன், இந்நாளில் பெற்ற ஒரு நன்மையைப் பெயர் சொல்லி நினைப்போம்: குழந்தையின் காய்ச்சல் தணிந்தது, பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் தந்தது, நெடுநாள் பேசாதிருந்த உடன்பிறப்பின் குரல். அதிலே சற்றுத் தங்குவோம். பிறகு நம் குற்றங்களை நோக்குவோம். அவை அப்போது வேறு ஒளியில் தெரியும்.

குணம்பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் நன்றி கூறத் திரும்பி வந்தவர் ஒருவரே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். நாள்தோறும் நாம் கொண்டாடும் நற்கருணையின் கிரேக்கப் பெயருக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். காலையில் பீடத்தருகே செலுத்தும் நன்றியை இரவில் நம் வீட்டின் அமைதியிலும் தொடர்வோமாயின், திரும்பி வந்த அந்த ஒருவரின் அருகே நமக்கும் இடம் உண்டு.