அரபு எழுத்தில் ஓதிய தமிழ்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு வழியாகப் போகிறவர்கள் நாகூர் தர்காவைப் பார்த்திருப்பார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, 1801-இல் உருவான கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை என்று கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்த வட்டாரம் அது. கப்பலில் ஜவுளி வந்ததை எல்லாரும் அறிவார்கள். கூடவே ஓர் எழுத்தும் வந்தது. அதற்குப் பெயர் அர்வி. அரபுத் தமிழ் என்றும் சொல்வதுண்டு.

மொழி தமிழ்தான். எழுதுவது மட்டும் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக. அரபியில் ப இல்லை, ட இல்லை, ங இல்லை, ழ கிடையவே கிடையாது. எனவே இருக்கிற எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளி வைத்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். அரபியின் உயிர்க்குறிகள் அ, இ, உ என்ற மூன்றோடு நின்றுவிடும். எ, ஒ இரண்டுக்கும் தனிக்குறி தேவைப்பட்டது. ஜாவிக்காக மலாய்க்காரர்கள் செய்ததும் இதே வேலைதான்.

தமிழுக்கென்று எழுத்து இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? அரபியில் ககரம் இரண்டு வகை. ஒன்று நாக்கின் அடியில், தொண்டையை ஒட்டிப் பிறப்பது, மற்றது சாதாரணமானது. முதல் வகையில் சொன்னால் 'கல்பு' என்பது இதயம். இரண்டாவதில் சொன்னால் நாய்! தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. துஆ ஓதுகிறவர் இதில் தடுமாறினால் என்னாவது? அர்வியில் அரபுச் சொல் தன் எழுத்தோடு அப்படியே நிற்கும். இன்னொரு பயனும் இருந்தது. குர்ஆன் ஓத மட்டுமே படித்த பெண்கள், தமிழ் எழுத்து தெரியாமலே தமிழில் மார்க்க நூல்களைப் படிக்க முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அர்வியில் நூல்கள் எழுதியவர்.

இந்தச் சங்கதி தமிழுக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தின் பழைய மொழி, காப்டிக் என்ற கட்டத்தில் கிரேக்க எழுத்தை எடுத்துக்கொண்டது. கிரேக்கத்தின் 24 போதாமல், தன் பழைய எழுத்திலிருந்து ஆறு ஏழு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. காப்டிக் கற்றிருந்ததால்தான் சாம்போலியனால் 1822-இல் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்க்க முடிந்தது. பேச்சு மொழியாக அது மறைந்த பிறகும் தேவாலய வழிபாட்டில் நின்றது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், வழிபாட்டு உச்சரிப்பை அன்றைய கிரேக்க உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். எழுத்து அப்படியே இருந்தது, ஓசை மாறிப்போனது! பழைய உச்சரிப்பை ஆராய்ந்து எமீல் மாஹிர் இஸ்ஹாக் 1975-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வேடு அளித்தார். எந்த உச்சரிப்பு சரி என்ற வழக்கு பின்னரும் ஓயவில்லை.

அர்விக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜாவியும் தமிழும் தெரிந்த பினாங்குக்காரர் ஒருவர் முயன்றால் அர்வி எழுத்தைச் சில நாளில் பிடித்துவிடலாம். புதுப் புள்ளிகள் மட்டுமே பாக்கி. ஓசைதான் சிக்கல். ஏட்டில் ழ இருக்கும்; ஓதிய ஊர்க்காரர் அதை ள என்றே சொல்லியிருப்பார். எந்த இடத்தில் நீட்டினார், எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் ஏட்டில் கிடையாது. மதராஸாவில் உம்மாவிடமோ ஆலிம்சாவிடமோ கேட்டுப் பழகியவர்கள் இப்போது முதியவர்கள்.

2019-இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவியைச் சேர்ப்பது பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. ஆறு பக்கம் மூன்றாகக் குறைந்தது. அதன் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த எழுத்துக் குடும்பத்தில் தமிழும் எழுதப்பட்டது என்பதையாவது அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய அர்விப் புத்தகத்தை அரபு நூல் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. எடுத்து ஒரு வரியை வாய்விட்டு ஓதச் சொன்னால், வருவது தமிழ்.