கொல்லன் களமும் பத்துப் பேர் கணக்கும்

தகடூர் மன்னன் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், தம் மன்னனின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் களத்தில் கிடப்பதாகப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். அந்தத் தகடூரே இன்றைய தருமபுரி. இப்பாடலை நாம் வகுப்பில் நடத்தியபோது, விடுமுறை நாள்களில் லாரிப் பட்டறைக்கு வேலைக்குச் செல்லும் மாணவர் ஒருவர், "அந்தக் கொல்லருக்குக் கண்ணில் பொறி பட்டிருக்குமா ஐயா?" என்று கேட்டார். உரையாசிரியர் எவரிடமும் விடை தேட இயலாத வினா அது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் உள்ளது. சரக்கேற்றிய லாரி அச்சரிவில் இறங்குகையில் பிரேக் சூடேறித் தேய்கிறது. தேய்ந்தது பட்டறைக்கு வந்தே தீரும். டிரம்மைக் கழற்றி, உள்ளே படிந்த தூசைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது பட்டறை வழக்கம். நெடுங்காலம் பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால், நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

சட்டம் இதை அறியாததன்று. 1995இல் உச்சநீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. அவர்தம் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவும் ஆணையிட்டது. ஆனால் மேஸ்திரி ஒருவரும் கையாள் மூவரும் உள்ள பட்டறையில் பதிவேடு ஏது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. அரசு விரும்பினால் சிறு பட்டறைகளையும் உட்படுத்த 85ஆம் பிரிவு வழிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, அவ்வெண்களை 20, 40 என உயர்த்தியது. எல்லைக்கோடு பட்டறையிலிருந்து மேலும் விலகிச் சென்றது.

நுரையீரல் தலை எண்ணிப் பார்ப்பதில்லை. தூசை ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதும், வெல்டிங்கின்போது கண்ணாடி அணிவதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் முட்டுக் கொடுத்தபின் வண்டிக்கடியில் படுப்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. வண்டியை விடும் நாமும் அதற்கான அரைமணி நேரத்தைப் பொறுத்திருக்கலாம். "சீக்கிரம்" என்று விரட்டுவோரில் நாமும் உண்டல்லவா?

அம்மாணவரின் வினாவுக்கு நாம் அன்று விடை கூறவில்லை. கண்ணாடி அணிகிறாயா என்று மட்டும் கேட்டோம். இல்லை என்றார்.