அஸ்கிரியவுக்கு வராத அலுமினிய மட்டை

1983 ஏப்ரல் 22 அன்று கண்டியின் முதல் டெஸ்ட் போட்டி அஸ்கிரிய மைதானத்தில் தொடங்கியது. திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான மைதானம் அது. பாடசாலை மைதானத்தில் டெஸ்ட் என்று இப்போது சொன்னால் பல்லேகலையை மட்டும் பார்த்து வளர்ந்த தம்பிமார் நம்ப மாட்டாங்க. வந்த அணி அவுஸ்திரேலியா. தலைவர் கிரெக் சப்பல், பந்துவீச டெனிஸ் லில்லி. 4 விக்கெட்டுக்கு 514 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட அவங்க, இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் வென்றாங்க. ஆகவே லில்லிக்குக் கண்டியில் துடுப்பெடுத்தாட வேண்டிய தேவையே வரவில்லை.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கு. அதற்கு மூன்றரை வருடத்துக்கு முன்னர், 1979 டிசம்பரில், பேர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடும்போது லில்லி கொண்டுவந்தது அலுமினிய மட்டை. இயன் பொத்தம் வீசிய பந்தை நேராக அடித்தார், மூன்று ஓட்டம் கிடைத்தது. பந்து பழுதாகுது என்று இங்கிலாந்துத் தலைவர் மைக் பிரியர்லி முறையிட்டார். மறுபக்கம் சப்பலுக்கு வேறு கவலை: மரமாக இருந்திருந்தால் அது நான்கு போயிருக்கும்! பன்னிரண்டாவது ஆட்டக்காரரிடம் மர மட்டையைக் கொடுத்து அனுப்பினார். லில்லி நடுவர்களோடு வாதாடி, கடைசியில் அலுமினியத்தை வீசி எறிந்தார். லில்லி அந்த மட்டையின் வியாபாரத்தில் பங்காளி என்பதையும் மறக்கக்கூடாது.

அதுவரைக்கும் மட்டையின் அலகு மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதியில் எழுதியிருக்கவில்லை. யாருக்கும் அப்படி எழுதத் தோன்றவில்லை போல. 1980 விதிகளில் அது சேர்ந்தது. ஒரே சொல்லால் கதவைச் சாத்தியாச்சு.

பேஸ்போலில் நடந்தது நேர்மாறு. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகளில் இன்றைக்கும் மர மட்டைதான். ஆனால் கல்லூரிப் போட்டிகளுக்கு 1974இல் என்.சி.ஏ.ஏ. அலுமினியத்தை அனுமதித்தது. மர மட்டை அடிக்கடி உடையும். ஒரு பருவம் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கக் கல்லூரிகளிடம் காசு இல்லை. அலுமினியம் உடையாது. கணக்கு சரிதானே?

சரிதான், ஆனால் பௌதிகம் சும்மா இருக்கவில்லை. உலோக மட்டை உள்ளே வெறுமை. பந்து படும்போது அதன் சுவர் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பத் தள்ளும். மரத்தில் பட்டால் பந்துதான் நசுங்கும், அதில் வேகம் வீணாகும். உலோகத்தின் எடையைக் கையருகே ஒதுக்கலாம் என்பதால் வீச்சும் வேகமாகும். 1998 கல்லூரி உலகத் தொடரின் இறுதிப்போட்டி 21–14 என்று முடிந்தது. பேஸ்போலில் அது அபத்தமான எண்ணிக்கை. எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பந்தெறிபவர் சுமார் 18 மீற்றர் தூரத்தில் எந்தக் கவசமும் இல்லாமல் நிற்கிறார் என்பது. மட்டையை மலிவாக்கிய செலவு அவருடைய முகத்துக்கு நேரே வருது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுப்பாடாக வந்தது. 2011இலிருந்து, மட்டை பந்தைத் திருப்பித் தள்ளும் அளவு 0.50ஐத் தாண்டக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதித்தது. அதாவது, உலோகம் மரம் மாதிரி நடந்துகொள்ள வேணும். அந்த வருடமே ஹோம் ரன்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன.

கிரிக்கெட் அந்தத் தொல்லையில் மாட்டவில்லை என்று மெச்சலாம். ஆனால் மரத்துக்குள்ளேயும் போட்டி நடந்தது. மட்டை தடித்துக்கொண்டே போக, 2017இல் விளிம்புக்கு 40 மில்லிமீற்றர், தடிப்புக்கு 67 என்று எல்லை வைக்க வேண்டி வந்தது. காசுப் பிரச்சினையும் தீரவில்லை, ஆடுபவரின் தலையில் இறங்கியது, அவ்வளவுதான். நல்ல வில்லோ இங்கிலாந்திலிருந்து வரணும், அடுத்த தரம் காஷ்மீரிலிருந்து. கண்டிப் பக்கம் அது வளர்வதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் டென்னிஸ் பந்தோடு நிற்பதற்கு ஆர்வக்குறைவு காரணம் இல்லை. தமிழில் ‘மட்டை’ என்றதும் எங்களுக்குத் தென்னை மட்டைதானே முதலில் ஞாபகம் வருது!

இங்கே இன்னொரு ஆட்டமும் இருக்கு. எல்லே. பந்தை அடித்துவிட்டு நான்கு நிறுத்தங்களைச் சுற்றி ஓடணும், பேஸ்போலின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம். அதில் அடிப்பது பெரும்பாலும் மூங்கில் தடியால். (பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் நிற்கும் ராட்சத மூங்கிலை நினைக்காதீங்க, அது கைக்கு அடங்காது.)

2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தர்ஷில் ஷா, பென் டிங்க்ளர்-டேவிஸ் இருவரும் மூங்கிலில் கிரிக்கெட் மட்டை செய்து சோதித்தாங்க. வில்லோவைவிட விறைப்பு அதிகம், பந்து வேகமாகப் பறக்கும் இடமும் பெரிது, ஆனால் எடை கூட. மூங்கில் வேகமாக வளரும், மலிவு. எம்.சி.சி. என்ன சொன்னது? மூங்கில் புல் வகை, மரம் இல்லை, ஆகவே தற்போதைய விதிக்குள் வராது. தாவரவியல்படி பிழையில்லை. ஆனால் லில்லியின் அலுமினியத்தை நிறுத்த எழுதிய சொல், நாற்பது வருடம் கழித்து ஒரு புல்லையும் நிறுத்துது.

டெஸ்ட்டுக்கு வில்லோவே இருக்கட்டும். பாடசாலைப் போட்டிகளிலாவது மூங்கிலை விட்டுப் பார்க்கலாம் என்பது எங்கள் கட்சி. ஆனால் அமெரிக்கர்கள் மாதிரி முதலில் திறந்துவிட்டு முப்பது வருடம் கழித்து அளக்கக்கூடாது, அந்த 0.50 போல ஒரு அளவை முதல் நாளே வைத்துவிட வேணும். பந்துவீசுகிறவனும் பாடசாலைப் பிள்ளைதானே.