தோட்டத்துப் புழுங்கலரிசியும் பெருங்குடலும்

மலாக்காத் தோட்ட வரலாற்றைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர்கள் கப்பல், கங்காணி, ரப்பர் விலை என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலும் பால் வெட்டினவங்க என்ன சாப்பிட்டாங்க? அதுவும் வரலாறுதான்.

பெரும்பாலும் புழுங்கலரிசி. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்தது. அதே காலத்தில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள். பெரிபெரி நோய் அவர்களை வாரிக்கொண்டு போனது. தமிழர்களிடம் அந்த நோய் அரிது. பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து, 1907-இல் நூலாகவே எழுதினார்.

1905 டிசம்பரில் மருத்துவர் ஃப்ளெட்சர் கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து, ஒற்றை எண், இரட்டை எண் என்று இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மற்றதில் ஒருவரும் இல்லை. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்கள் அவர்கள். பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடாதீங்க.

தேர்வில் ஒரு தவறு அடிக்கடி வருகிறது: ஃப்ளெட்சர் வைட்டமினைக் கண்டுபிடிக்கவில்லை. தியாமின் என்ற பி1 சத்தை 1926-இல் பத்தாவியாவில் பிரித்தெடுத்தவர்கள் யான்சனும் டோனத்தும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தீட்டிய பிறகும் அது தங்குகிறது.

அன்றைய மருத்துவர்கள் பார்க்காத இன்னொரு பக்கம் உண்டு. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு மாறும். லயத்து வீட்டில் இரவு நீர் ஊற்றி வைத்த பழைய சோறும் அப்படித்தான். அந்த மாவுச்சத்து சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். பெருங்குடல் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். உப்பையும் நீரையும் உடல் உறிஞ்சவும் இந்த அமிலங்கள் உதவும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2000-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் 48 காலரா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். உப்புக் கரைசலோடு சோளத்திலிருந்து எடுத்த செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. அதற்காக “பழைய சோறு காலராவைக் குணமாக்கும்” என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்; ஆய்வு சோற்றைப் பற்றியது அல்ல.

வயதும் இதில் பேசும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடலில் அசெட்டேட்தான் அதிகம். சோறு, பருப்பு, காய் என்று தொடங்கிய பிறகே பியூட்டிரேட் கூடும். ஆண், பெண் வேறுபாட்டில் ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அதைச் சொல்லவும் முடியாது. தோட்டத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு.

வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி கொடுங்க: வீட்டுப் பாட்டியிடம் போய், “உங்க தோட்டத்துல எந்த அரிசி, யார் முதல்ல சாப்பிட்டாங்க, மிச்சம் யாருக்கு?” என்று கேட்டு எழுதி வரட்டும்.