சமூகப் பொறுப்பு அறிக்கையை எவ்வாறு வாசிப்பது? கொடுங்கையூரிலிருந்து மூன்று கேள்விகள்

கொடுங்கையூர் குப்பைமேட்டில் நெகிழி பொறுக்குவோரின் கைகளில் நாள்தோறும் பெரிய நிறுவனங்களின் பெயர்கள் சிக்குகின்றன: ஷாம்பு பொட்டலம், பிஸ்கட் உறை, பால் கவர். பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலோ மரக்கன்று நடும் ஊழியர்களையும் புத்தகப்பை பெறும் குழந்தைகளையும் காண்கிறோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நிறுவனங்கள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் வேண்டும். அந்த லாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை இப்பிரிவு கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

1. இது கொடையா, கடமையா?

2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வேறொரு சட்டத்தின் கீழ் செய்தே ஆகவேண்டிய பணியைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது. விளம்பர ஆதாயத்துக்காக அளிக்கும் நிதியுதவியையும் காட்ட முடியாது. தன் நெகிழி உறைகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 நிறுவனத்தின் மீது சுமத்திய கடமையாகும், கருணை அன்று. 2022 வழிகாட்டுதல்களின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் சான்றிதழ்களை வாங்கி இக்கடமையை நிறைவேற்றலாம். சில மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் கண்டறிந்தது. உண்மையான சான்றிதழிலும், அந்த நெகிழியை வெறுங்கையால் பிரித்தெடுத்தவரின் உழைப்புக்குத் தனி இடமில்லை.

2. தீங்கு நேர்ந்தபோது நிறுவனம் என்ன சொன்னது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் பரவியது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்று பொதுத்துறை நிறுவனமான சி.பி.சி.எல். முதலில் கூறியது. ஆனால், எண்ணெய் அந்நிறுவன வளாகத்திலிருந்து மழைநீரோடு வெளியேறியதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்கும் ரூ.8.68 கோடி நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது, வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டிய கோட்பாடு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அதையே கட்டளையிடுகிறது. எனவே இழப்பீடு என்பது உரிமை. அதைச் சமூகப் பொறுப்புத் திட்டங்களால் நிரப்பிவிட இயலாது.

3. யார் கணக்கில் வருகிறார்கள்?

2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செபியின் நிலைத்தன்மை அறிக்கையை அளித்தாக வேண்டும். ஆயினும், சமூகப் பொறுப்புத் திட்டங்களின் பயனாளிகளில் விளிம்புநிலையினர் எத்தனை விழுக்காடு என்ற கேள்வி விருப்பப் பகுதியில்தான் உள்ளது. எவ்வகைப் பணிகளுக்குச் செலவிடலாம் எனச் சொல்லும் ஏழாம் அட்டவணையில், பட்டியல் சாதியினர் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது அரசு நிதிகளுக்கு நன்கொடை அளிப்பது பற்றிய இனத்தில் மட்டுமே. குப்பைமேட்டில் உழைப்போருள் பெரும் பகுதியினர் தலித்துகள். சாதியைக் கேட்காத படிவத்தில் அவர்கள் வெறும் ‘பயனாளிகள்’ ஆகிவிடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

சமூகப் பொறுப்புக் கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்நிறுவனத்துக்கு அனுப்பிய அறிவிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசியுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, பாதிப்பு எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கால வரம்பு உண்டு. 2023 டிசம்பர் பாதிப்புகளுக்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது. நிறுவனம் தந்த புத்தகப்பையைப் பெற்றுக்கொண்டதால், அந்த உரிமையை எவரும் இழந்துவிடுவதில்லை.