தவளையின் வயிற்றில் இருந்த இலை

மலர்க் குழுத் தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணே, உங்க டிபார்ட்மெண்ட் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். விலங்கியல் பட்டப்படிப்பில் 1986-இல் சேர்ந்து 1989-இல் வெளியே வந்தவன் நான். கட்டடம் எழுந்த ஆண்டு, துறைத் தலைவர்களின் வரிசை இதெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். சூழலியல், பரிணாமம், உயிரினப் பாதுகாப்பு என்று இன்றைய மாணவர்கள் சரளமாகச் சொல்கிறார்களே, அவை எங்கள் நாளில் எங்கே இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாடத்தில் அவை இருக்கத்தான் செய்தன. ஆனால் எங்கள் படிப்பின் உயிர் லேபில் இருந்தது. மெழுகுத் தட்டு, குண்டூசி, குளோரோபார்ம் வாசனை. தவளைக்காரர் வாரா வாரம் சாக்குப் பையோடு வருவார். உள்ளே ரானா ஹெக்ஸாடாக்டைலா, அதாவது நம் குளத்துப் பச்சைத் தவளை. ஒரு நாள் என் தவளையின் இரைப்பை கிழிந்து, உள்ளே இலைத் துணுக்குகள் தெரிந்தன. "சார், இது இலை தின்னுமா?" என்று கேட்டேன். "தெரியாம முழுங்கியிருக்கும்டா. வழிச்சுப் போட்டுட்டு வீனஸ் சிஸ்டத்தைக் காட்டு" என்றார் ஆசிரியர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. தவளை பூச்சி தின்னும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது, மார்க்கும் ரத்த நாளத்துக்குத்தான். வழித்துப் போட்டேன்.

1996-இல் இந்திரநீல் தாஸ் என்ற ஆய்வாளரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. இதே தவளைதான். வளர்ந்தபின் அது இலைதழைகளை ஏராளமாகத் தின்கிறது என்று அவர் காட்டியிருந்தார். தவளைகளில் இது மிக அபூர்வம். பிற்பாடு அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை கல்லூரிகளில், எத்தனை ஆண்டுகளாக, எத்தனை வயிறுகளைத் திறந்திருப்போம்!

நான் படித்துக்கொண்டிருந்த 1987-இல்தான் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சி தின்னும் தவளைகள் குறைகின்றன என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். செய்தி பேப்பரில் வந்தது. எங்கள் லேபில் யாரும் அதைப் பேசவில்லை.

பரிணாமப் பாடம் இன்னும் வேடிக்கை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, இங்கிலாந்தில் புகை படிந்த மரங்களில் பெருகிய கறுப்பு அந்துப்பூச்சி. இரண்டையும் நெட்டுருப் போட்டோம். அந்த அந்துப்பூச்சியில் இயற்கைத் தேர்வு எவ்வளவு வேகமாக நடந்திருக்கும் என்று 1924-இல் கணக்குப் போட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அதே மனிதர் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தார். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. விலை உயர்ந்த கருவி வேண்டாம், உயிரைக் கொல்ல வேண்டாம், பார்த்தும் எண்ணியுமே நல்ல உயிரியல் செய்யலாம் என்று அவர் இங்கே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த டி.ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார். சில மரங்களில் ஓலைகள் இடப்பக்கமாகச் சுற்றி ஏறும், சிலவற்றில் வலப்பக்கமாக. தாய்மரத்தை வைத்துக் கன்று எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது என்பது அவர் 1962-இல் வெளியிட்ட முடிவு. நம் ஹாஸ்டல் வாசலில் தென்னை வரிசையே இருந்தது. மூன்று வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்து அந்துப்பூச்சியை மனப்பாடம் செய்தோம்!

வெளி உலகம் எனக்குத் திறந்தது கல்லூரிக்கு வெளியே, ராத்திரியில். சென்னைக் கடற்கரையில் ராமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1974-இல் ஆமை நடையைத் தொடங்கினார்கள். 1988-இல் மாணவர்களே கூடிக் கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1989 பிப்ரவரியில் ஒரு நண்பன் என்னை இழுத்துப் போனான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடை. பங்குனி ஆமையின் தடம் கண்டால் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, முட்டைகளை எடுத்து, குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஒரு குழியில் நூறுக்கு மேலும் இருக்கும். விட்டுவைத்தால் நாய் தோண்டும், இல்லாவிட்டால் ஆள் எடுப்பான். தப்பிப் பொரித்த குஞ்சும் கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊரும். அந்தக் குழியின் ஆழம்தான் மூன்று வருஷத்தில் லேபுக்கு வெளியே நான் எடுத்த முதல் அளவு. அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது. மறுநாள் வகுப்பில் தூங்கித் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு காலம் மாறியது. உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி, 2004 வாக்கில் சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமானது. யூ.ஜி.சி. வகுத்த அந்தப் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள். அதில் களப்பணிக்கு 5. அந்த ஐந்தும் எத்தனை ஊரில் வெயிலைக் கண்டன என்பது படித்தவர்களுக்குத் தெரியும். 2014-இல் விலங்குகளை அறுப்பதையும் யூ.ஜி.சி. நிறுத்தியது. நல்லதுதான். ஆனால் போன மாதம் துறைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் தவளையை அறுத்துக்கொண்டிருந்த தங்கச்சி ஒருத்தியிடம், "உயிரோட இருக்கிற தவளையைப் பாத்திருக்கியாம்மா?" என்றேன். "வீட்டு பாத்ரூம்ல ஒண்ணு வந்துச்சு சார், கத்திட்டேன்" என்றாள்.

மைதானத்துக்குப் பின்னால் இருந்த குளம் பாதியாகிவிட்டது; மீதியில் ஆகாயத்தாமரை. கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பச்சைத் தவளை நாலு தென்பட்டது. எதைத் தின்கின்றன என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. சங்கமத்தன்று காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும். டீ என் செலவு.